இரண்டாயிரம் ரூபா மோட்டார் வண்டி



மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாகச் செல்லும் பெருவீதியிற் பயணஞ் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஊருக்கு ஊர் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதைப் போல, ஊருக்கு ஊர் மோட்டார் திருத்தும் பட்டறையும் உண்டு. கராஜ் என்று நாம் சொல்லும் அந்தத் தகரக் கொட்டிலின் கீழே, அறுபது வயதைத் தாண்டிய மொரிஸ் மைனர் காரும், வயலை உழுது களைத்த லாண்ட்மாஸ்டரும், மீன் ஏற்றும் முச்சக்கர வண்டியும் அருகருகே நிற்கும். உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் அந்தப் பாகத்தைத் தாமே கடைந்து பூட்டி வண்டியை அனுப்பிவிடும் கைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. "இவ்வளவு தெரிந்த நாங்கள் ஒரு மோட்டார் வண்டியை முழுதாகச் செய்துவிட முடியாதா, சேர்?" என்று என்னிடம் படித்த பிள்ளைகள் பலமுறை கேட்டதுண்டு.

இக்கேள்விக்கு யந்திர நூல் ஒரு விடை தரும். வரலாறு வேறொரு விடை தரும். செய்ய முடியும் என்பது யந்திர நூலின் விடை. செய்ய விடுவார்களா என்பது வரலாறு நம்மிடம் திருப்பிக் கேட்கும் கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியையே இன்று உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

கோயம்புத்தூருக்கு அணித்தான கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. ஜி. டி. நாயுடு என்றால் தமிழுலகம் அறியும். பள்ளிக்கூடம் அவரைக் கவரவில்லை. ஒரு பாடசாலையின் அதிபராகிய நான் இதனைச் சற்று வெட்கத்துடனேயே சொல்ல வேண்டியிருக்கின்றது. இளமையில் ஓர் ஆங்கில அதிகாரி தம் கிராமத்திற்கு மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டார். அன்று முதல் வேறு நினைவில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதியொன்றிற் பரிசாரகராக வேலை பார்த்தார், காசு சேர்த்தார், அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஓட்டி மகிழ்ந்ததோடு நின்றாரில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

1920ஆம் ஆண்டிலே ஒரே ஒரு பஸ் வண்டியுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார்; தாமே சாரதியாகவும் இருந்தார். அந்த ஒரு வண்டி பின்னர் பெரியதொரு பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பீளமேட்டிலிருந்த தொழிற்சாலையிலே, டி. பாலசுந்தரம் நாயுடுவின் துணையுடன், இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படும் யந்திரத்தைச் செய்தளித்தார். மின்சாரச் சவர யந்திரம், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, வாக்குகளைப் பதியும் பொறி என்று அவர் கை தொட்டவை பல. 1945இல் கோவையிலே தொழிற்கல்வி நிலையங்கள் தோன்றவும் முன்னின்றார்.

இத்தகையவர் 1952ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க ஒரு சிறு பெற்றோல் காரை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபா என்று அறிவித்தார். மோட்டார் கார் என்பது சமீன்தாருக்கும் ஆலை முதலாளிக்கும் உரிய பொருளாயிருந்த காலம் அது. ஓர் ஆசிரியரோ, ஒரு சிறு வணிகரோ பல ஆண்டு சிக்கனத்தின் பின்னராவது தமக்கென ஒரு வண்டி வாங்கலாம் என்று எண்ணக்கூடிய விலையை அவர் சொன்னார். ஆனால் அந்தக் கார் சந்தைக்கு வரவில்லை. உற்பத்திக்கு வேண்டிய அனுமதிப்பத்திரத்தை அரசினர் வழங்க மறுத்தனர். வண்டி இருந்தது, செய்யத் தெரிந்தவர் இருந்தார், செய்வதற்கு அனுமதி இல்லை. முயற்சி அத்துடன் நின்றது.

ஏன் அனுமதி வேண்டியிருந்தது? இந்தியப் பாராளுமன்றம் 1951இல் கைத்தொழில்கள் அபிவிருத்தி, ஒழுங்குபடுத்தற் சட்டத்தை நிறைவேற்றியது. 1952 மே மாதம் 8ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அட்டவணையிற் குறிக்கப்பட்ட கைத்தொழில்களிலே புதிய தொழிற்சாலை தொடங்குவதற்கும், இருக்கும் தொழிற்சாலையைப் பெரிதாக்குவதற்கும், புதிய பண்டமொன்றை உற்பத்தி செய்வதற்கும் மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் தேவை என்பது அதன் சாரம். எங்கே செய்வது, எத்தனை செய்வது என்பனவும் அப்பத்திரத்திலேயே குறிக்கப்படும். மோட்டார் வாகனங்களும் அந்த அட்டவணையில் அடங்கின.

இதனைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நமது கல்லோயாப் பிரதேசத்து விவசாயிக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். சிறுபோகத்தில் குளத்து நீர் குறைந்திருக்கும்போது, எல்லா வயலுக்கும் நீர் விட முடியாது. கூட்டம் கூடி, இந்தப் போகத்தில் எந்தக் கண்டத்திற்கு நீர் என்று தீர்மானிக்கிறோம். சுதந்திரம் பெற்ற புதிதில் இந்தியாவிடம் வெளிநாட்டுச் செலாவணி சிறுபோகத்து நீரைப் போலவே இருந்தது. கார் உற்பத்திக்கு வேண்டிய யந்திரங்களும் உருக்கும் பிறநாடுகளிலிருந்து வரவேண்டும். கார் வாங்கக்கூடியோர் தொகையோ சிறிது. பத்துப் பேர் தொழிற்சாலை தொடங்கினால் பத்தும் நலிந்துபோகும் என்று திட்டமிடுவோர் அஞ்சினர். உதிரிப்பாகங்களை உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டமுள்ள சில நிறுவனங்களே தொழிலில் இருக்கலாம் என்பது 1953ஆம் ஆண்டளவில் அரசின் கொள்கையாயிற்று. பொருத்தும் தொழிலை மட்டுமே செய்துவந்த போர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 1950களின் நடுப்பகுதிக்குள் இந்தியாவிலிருந்து விலகிக்கொண்டன.

ஆயினும் நமது குளத்துக் கூட்டத்துக்கும் டில்லியின் அனுமதிக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கூட்டத்திலே எல்லோரும் இருப்பார்கள். யாருடைய வயலுக்கு நீர் இல்லையோ, அவன் எழுந்து நின்று ஏன் என்று கேட்பான். காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்த போகத்தில் அவன் முறை வரும். டில்லியின் அனுமதியோ அலுவலக அறைகளுக்குள்ளே தீர்மானிக்கப்பட்டது. அனுமதி பெற்றவனுக்கு அது போட்டியில்லாத சந்தையைக் கொடுத்தது. பெறாதவனுக்கு அடுத்த போகம் வரவேயில்லை.

விளைவு யாது? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியாவின் கார்ச் சந்தை மூன்று நிறுவனங்களின் கையில் இருந்தது. வங்காளத்தில் இந்துஸ்தான் மோட்டர்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். ஆங்கில நாட்டு மொரிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் வார்ப்பிலே 1950களின் பிற்பகுதியில் பிறந்த அம்பாசடர் கார், உருவத்திற் பெரிய மாற்றமின்றி 2014 மே மாதம் வரை உற்பத்தியாயிற்று. மக்கள் முற்பணம் கட்டிவிட்டுக் காருக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தார்கள். விற்பவன் வாங்குபவனைத் தேட வேண்டியதில்லை என்ற நிலையில், பொருளைத் திருத்தும் ஆவல் எப்படிப் பிறக்கும்? 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த இராஜாஜி இந்த முறையைப் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி என்று பழித்தார். அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது.

நாயுடு ஒருவர் மட்டும் இவ்வாறு நின்றாரல்லர். மகாராட்டிரத்தில் சங்கரராவ் குல்கர்ணி என்பவர் மீரா என்னும் சிறு காரைப் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி அமைத்தார். திருவனந்தபுரத்தில் 1960களிலே கே. ஏ. பி. மேனன் என்பவர் அரவிந்த் என்னும் காரை உருவாக்கினார். அவையும் மாதிரி வண்டிகளாகவே நின்றுபோயின.

பின்னர் ஒருவருக்கு அனுமதி கிடைத்தது. 1970இல் சிறு கார் செய்வதற்கான இசைவுக் கடிதம் பிரதமர் இந்திரா காந்தியின் இளைய புதல்வர் சஞ்சய் காந்திக்கு வழங்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது திட்டம். 1971இல் மாருதி லிமிடெட் என்னும் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. டில்லிக்கு அருகே குர்கானில் ஏறத்தாழ 300 ஏக்கர் நிலம் கிடைத்தது. விற்பனையாளராக விரும்பியோரிடமிருந்து முற்பணமும் திரட்டப்பட்டது. கார்கள் மாத்திரம் வரவில்லை. 1977இல் ஆட்சி மாறியபின் நீதிபதி ஏ. சி. குப்தா தலைமையில் விசாரணை நடந்தது. 1978இல் நிறுவனம் நீதிமன்றக் கட்டளையாற் கலைக்கப்பட்டது. வண்டி செய்யத் தெரிந்தவரைத் தடுத்து நிறுத்திய அதே கதவு, வண்டி செய்து காட்டாதவருக்குத் திறந்தது. இதைக் காட்டிலும் அம்முறையின் குறையைத் தெளிவாக உணர்த்தும் உதாரணம் வேறில்லை.

அப்பெயரை ஏற்று 1981இல் அரச நிறுவனமாக மாருதி உத்யோக் அமைக்கப்பட்டு, ஜப்பானின் சுசுக்கி நிறுவனம் கூட்டுச் சேர்ந்து, 1983 டிசம்பர் 14ஆம் நாள் முதற் கார் வெளிவந்தது. நடுத்தரக் குடும்பம் சிறு கார் வாங்கும் காலம் அப்போதுதான் பிறந்தது. நாயுடுவின் கார் நின்றுபோய் 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் 1974 ஜனவரி 4ஆம் நாளிலேயே மறைந்துவிட்டார். பெரும்பாலான கைத்தொழில்களுக்கு அனுமதிப்பத்திர முறை 1991 ஜூலையில் நீக்கப்பட்டது. மோட்டார் கார்களுக்கு அது நீங்கியது 1993இல்.

இனிக் கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்று, அனுமதி மறுக்கப்பட்ட இன்னொரு சிறு நிறுவனத்தைப் பார்ப்போம். இன்று அதன் பெயரை அறியாதவர் இல்லை. 1903 ஜூன் மாதம் ஹென்றி போர்ட் தம் கார் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஜோர்ஜ் செல்டன் என்ற வழக்கறிஞர் 1895இற் பெற்றிருந்த காப்புரிமை ஒன்று குறுக்கே நின்றது. பெற்றோல் கார் செய்வோர் எல்லோரும் அக்காப்புரிமையின் பேரில் அனுமதி பெற்றுப் பங்குப்பணம் கட்ட வேண்டும் என்றது பெரிய உற்பத்தியாளர்களின் சங்கம். போர்ட்டைப் பாகங்களைப் பூட்டுபவர் என்று எளிதாக எண்ணி அச்சங்கம் ஒதுக்கியது. அதே ஆண்டில் வழக்கும் தொடுத்தது. 1909இல் போர்ட் தோற்றார். மேன்முறையீடு செய்தார். செல்டனின் காப்புரிமை வேறு வகை யந்திரத்தைப் பற்றியது, போர்ட் செய்வது அதுவன்று என்று 1911 ஜனவரியில் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஏழு ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்த காலமெல்லாம் போர்ட்டின் பட்டறை மூடப்படவில்லை. உலகப் புகழ்பெற்ற டி மாதிரிக் கார் 1908இல், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வெளிவந்தது. தவறென்று நிரூபிக்கப்பட்டால் தண்டனை என்பது அங்கிருந்த ஒழுங்கு. நாங்கள் சொல்லும்வரை செய்யாதே என்பது கோவையில் நாயுடுவுக்கு வாய்த்த ஒழுங்கு. போர்ட்டுக்கு வாதாட ஒரு நீதிமன்றமும், வாதாடும்போது ஓடிக்கொண்டிருக்க ஒரு பட்டறையும் இருந்தன.

அப்படியானால் அனுமதிப்பத்திரம் என்பதே வேண்டாம் என்று சொல்லலாமா? அவசரப்பட வேண்டாம். அதே அமெரிக்காவிலே நம் காலத்தில் நடந்ததொன்றைச் சொல்லுகின்றேன். 2009இல் போல் எலியோ என்பவர் அரிசோனா மாநிலத்தில் எலியோ மோட்டர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்று சக்கரமும் இரண்டு ஆசனமும் உடைய மலிவான வண்டி என்பது வாக்குறுதி. லூசியானா மாநிலத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் கைவிட்டுச் சென்ற தொழிற்சாலையிலே அதனை உற்பத்தி செய்வதாகத் திட்டம். பல்லாயிரம் பேர் நம்பி முற்பணம் கட்டினார்கள். ஆண்டுகள் சென்றன; வண்டி விற்பனைக்கு வரவில்லை. உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும் உரிய அனுமதிப்பத்திரம் பெறாமல் மக்களிடம் பணம் பெற்றது குற்றம் என்று 2017இல் லூசியானா மாநில மோட்டார் வாகன ஆணைக்குழு 545,000 டொலர் தண்டம் விதித்தது. நிறுவனம் அதனை மறுத்து வாதாடியது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது ஒருபுறமிருக்க, பணம் கட்டிய ஏழையின் பக்கம் நின்று கேட்க ஓர் ஆணைக்குழு இருந்தது நல்லதன்றோ? 

இந்தக் கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அனுமதி நிற்கவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று வீதியின் வாசல்: தடை பிடிக்குமா, விளக்கு எரியுமா, பிள்ளைகள் நடமாடும் வீதியில் இதனை விடலாமா என்று பார்க்கவேண்டும். மற்றது மக்களின் பணப்பை: கொடுத்த காசுக்குப் பொருள் வருமா, வராவிட்டாற் காசு திரும்புமா என்று பார்க்கவேண்டும். பட்டறையின் வாசலிலே அனுமதிக்கு வேலை இல்லை. மருதமுனைத் தறியிலே நெய்து முடித்த சேலையைப் பிரித்துப் பார்த்துக் குறை சொல்லலாம். நெய்யத் தொடங்குமுன்பே நீ நெய்யக்கூடாது என்று சொன்னால், அந்தக் குறையைக்கூட நாம் காணப்போவதில்லை.

நமது இலங்கை வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் உபாலி விஜேவர்தன ஹோமாகமவில் ஒரு தொழிற்சாலை அமைத்து மாஸ்டா, பியட் கார்களைப் பாகங்களாகக் கொண்டுவந்து பொருத்தி விற்றார். பின்னர் 1995இல் லோரன்ஸ் பெரேரா தொடங்கிய மைக்ரோ நிறுவனம் 2003இல் ஒரு சிறு காரை வெளியிட்டது. பாகங்களாக வரும் வண்டிக்கு எவ்வளவு தீர்வை, முழு வண்டிக்கு எவ்வளவு தீர்வை என்ற கணக்கிலேயே இத்தகைய தொழிலின் உயிர் தங்கியிருக்கின்றது. அரசின் ஒரு வர்த்தமானி அறிவித்தல் அதனை வளர்க்கவும் கூடும். ஓர் இரவில் வாடச் செய்யவும் கூடும்.

2020 மார்ச் மாதத்தில் மீண்டும் செலாவணி வற்றியது. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை தளர்ந்தது 2025 பெப்ரவரியிலேதான். அந்த இடைக்காலத்தில், 2022ஆம் ஆண்டு, எரிபொருள் வரிசைகளில் நாம் பகலிரவாய் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாட்களில் என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தன் கராஜுக்கு அழைத்தான். முச்சக்கர வண்டியின் பாகங்களையும் பழைய மின்மோட்டாரையும் பற்றரிகளையும் கொண்டு, கரைவலை மீனைக் கடற்கரையிலிருந்து சந்தைக்கு ஏற்றிச் செல்ல ஒரு சிறு நாற்சக்கர வண்டி செய்திருந்தான். ஒரு துளி பெற்றோல் இல்லாமல் அது ஓடியது. நானும் அதில் ஏறி அமர்ந்து கராஜ் வளவை ஒருமுறை சுற்றி வந்தேன்.

வீதியில் ஓட்டுவதற்கு அவன் அனுமதி கேட்டுச் சென்றான். யாரும் அவனை அவமதிக்கவில்லை. கதிரை கொடுத்து இருத்தினார்களாம். "படிவத்தில இதுக்குக் கட்டம் இல்லயாம், சேர்" என்று திரும்பி வந்து சொன்னான். எங்கே கேட்பது, யார் பரிசோதிப்பது, எத்தனை நாளிற் பதில் வரும் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. மறுபடி போனான், இன்னுமொரு முறை போனான். இப்போது அவன் கட்டார் நாட்டில் வேறொருவருடைய வண்டிகளைத் திருத்திக்கொண்டிருக்கின்றான். அவன் செய்த வண்டி கிடுகுக் கொட்டிலின் கீழே கடற்காற்றில் துருவேறி நிற்கின்றது.

அவனுடைய வண்டி வீதிக்கு ஏற்றதுதானா என்று எனக்குத் தெரியாது. நான் கலைப் பட்டதாரி. தடையின் பிடிப்பை அளக்கும் அறிவு எனக்கில்லை. பரிசோதித்துப் பார்த்து, இந்தக் காரணத்தால் இது கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தால், அவன் அந்தக் குறையைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்திருப்பான். அவன் கேட்டது சலுகையன்று, ஒரு பரீட்சை. எழுதவிட்டபின் தோற்ற மாணவன் அடுத்த முறை தேறுவான் என்பதை முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் பலமுறை கண்டிருக்கின்றேன். பரீட்சை மண்டபத்தின் கதவே திறக்கப்படாத மாணவனுக்கு என்ன செய்வது?

கோவையில் 1952இல் மூடப்பட்ட கதவும் இத்தகையதே. ஜி. டி. நாயுடுவின் கார் நல்ல கார்தானா, நெடுந்தூரம் ஓடியிருக்குமா, 2,000 ரூபாவுக்குத் தொடர்ந்து விற்றிருக்க முடியுமா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதை அறியும் வாய்ப்பை அவருடைய காலம் இழந்துவிட்டது. நமது ஊர்க் கொட்டில்களின் கீழே இன்னும் சில வண்டிகள் பிறக்கக்கூடும். அவை வரும்போது, அவற்றைப் பரிசோதிக்க ஓர் இடமும், பதில் சொல்ல ஒரு தவணை நாளும், மறுத்தாற் காரணம் எழுதிய ஒரு கடிதமும் நம்மிடம் இருக்கவேண்டும். இம்மூன்றுக்கும் வெளிநாட்டுச் செலாவணி தேவையில்லை.